காரின் காவற்கம்பி

சிவகாசி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திரி என்பது யாது என விளக்க வேண்டுவதில்லை. பட்டாசில் வைத்த திரியின் ஒரு நுனியில் பற்றிய பொறி மறு நுனியைச் சென்று சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைச் சிறுபிள்ளைகளும் கணித்து, அதற்குள் ஓடி ஒதுங்குவர். இத்திரிக்கு ஆங்கிலத்தில் பியூஸ் என்று பெயர். நம் வீட்டு மின்பெட்டியிலும் நாம் ஏறிச் செல்லும் காரிலும் இருக்கின்ற சிறு கம்பித் துண்டுக்கும் பியூஸ் என்றே பெயர். எழுத்தும் ஒலியும் ஒன்றாயினும் இவ்விரு சொற்களும் ஒரே வேரில் கிளைத்தவை அல்ல என்பர் மொழி நூலார். திரியைக் குறிக்கும் சொல், நூல் சுற்றும் கதிருக்குரிய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. மின்சாரத்திற்குரியதோ, உருகுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவேதான் நம் பாடநூல்கள் அதனை 'உருகி' என்று பொருத்தமாகவே பெயரிட்டு அழைக்கின்றன.

செயலிலும் இரண்டும் எதிரெதிரானவை. திரி நெருப்பைக் கொண்டு சேர்ப்பது. உருகி நெருப்பு மூளாமல் தடுப்பது. திரியைப் பற்றி நம் பகுதி மக்கள் அறிந்திருக்கும் அளவிற்கு, கார் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் உருகியைப் பற்றி அறிந்திருக்கின்றனவா என்பது ஐயமே. 'பியூஸ் போன பல்பு' என்று ஒருவரை ஒருவர் கேலி பேசுகிறோம். ஆனால் இரவு நேரத்தில், நடு வழியில், முகப்பு விளக்குகள் இரண்டும் அணைந்து போனால் எங்கே கை வைப்பது என்று அறியாமல் தவிக்கிறோம். அதனினும் கேடு யாதெனில், அவ்வேளையில் கிடைத்த கம்பியைச் சுற்றி எப்படியோ விளக்கை எரிய வைத்துவிட்டு, காரியம் முடிந்தது என்று நிம்மதி அடைகிறோம். கார் வைத்திருப்போரும், அதில் ஏறிச் செல்லும் குடும்பத்தாரும் இப்பொருளைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டியவற்றை ஈண்டுக் காண்போம்.

பியூஸ் செய்யும் வேலை

கம்பி ஒன்றில் மின்னோட்டம் பாயும்போது அக்கம்பி சூடாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மும்மடங்கானால் சூடு ஒன்பது மடங்காகும். கம்பி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவில் அது தாங்கும் எல்லையை எட்டும். எல்லை கடந்தால் கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை இளகும், புகையும், பற்றி எரியும்.

காரின் பாட்டரி 12 வோல்ட் தானே, அதனால் என்ன தீங்கு நேரும் என்று பலர் எண்ணுகின்றனர். தொட்டால் அதிர்ச்சி தராது என்பது மெய்யே. ஆயினும் எஞ்சினைக் கிளப்பும் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் வழங்கும் ஆற்றல் அப்பாட்டரிக்கு உண்டு. காப்புறை தேய்ந்த கம்பி ஒன்று காரின் இரும்பு உடலைத் தொட்டுவிட்டால், அந்த ஆற்றல் முழுவதும் அந்த மெல்லிய கம்பி வழியே பாய முற்படும். அப்போது சில விநாடிகளுக்குள் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும்.

இத்தகைய தீங்கைத் தடுக்கவே, ஒவ்வொரு மின்பாதையின் தொடக்கத்திலும் வேண்டுமென்றே ஒரு வலுவற்ற இடத்தை அமைக்கின்றனர். அதுவே பியூஸ். கம்பி சூடாவதற்கு முன் அது உருகி அறுந்து மின்னோட்டத்தை நிறுத்திவிடுகிறது. 1847-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டவரான பிரெகே என்பார், தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பித் துண்டுகளை இணைக்குமாறு கூறினார். மின்விளக்கை வீடுதோறும் பரப்பிய எடிசன், 1890-இல் பியூஸ் கட்டை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். திரியைத் திருத்தியமைத்த கதையும் இதைப் போன்றதே. இங்கிலாந்தில் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர், திரி எப்போது எரிந்து முடியும் என்று தெரியாமல் வெடியில் சிக்கி மாண்டு வந்தனர். அதனைக் கண்ட வில்லியம் பிக்போர்டு என்பவர், சீராக எரியும் பாதுகாப்புத் திரியை 1831-இல் அமைத்துத் தந்தார். இரண்டும் மனித உயிரைக் காக்கப் பிறந்தவையே. அளவு மாறினால் இரண்டும் உயிரை வாங்கும் என்பதும் உண்மையே.

எங்கே இருக்கின்றது?

பழைய கார்களில் பியூஸ்கள் மிகக் குறைவு. 2014 மே மாதம் தயாரிப்பு நிறுத்தப்பட்ட அம்பாசடர் காரின் பழைய வகைகளில், பானட்டைத் திறந்தால் கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி அமைந்த ஓரிரு பியூஸ்களைக் காணலாம். பியட் வழிவந்த பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில், சிறு பீங்கான் துண்டின் மேல் உலோகப் பட்டை ஒட்டிய பியூஸ்கள் வரிசையாக இருக்கும். இவ்வகை வண்டிகளை அன்போடு பேணி வருவோர் இன்றும் நம் ஊர்களில் உண்டு.

இக்காலக் கார்களில் இரு கால்களை உடைய தட்டையான பிளாஸ்டிக் பியூஸ்களே உள்ளன. இவ்வகை, 1970-களில் அமெரிக்காவில் தோன்றி, பின்னர் உலகெங்கும் பரவியது. ஒரு சிறு காரிலேயே இருபது, முப்பது பியூஸ்கள் இருக்கும். அவை பெரும்பாலும் இரண்டு பெட்டிகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்று டாஷ்போர்டின் அடியில், ஸ்டியரிங்கிற்குக் கீழேயோ முழங்காலுக்குப் பக்கத்திலோ, சில வண்டிகளில் இடப்புறச் சாமான் பெட்டிக்குப் பின்னாலோ இருக்கும். மற்றொன்று பானட்டுக்குள், பாட்டரியின் அருகில் கறுப்பு மூடியிட்ட பெட்டியாக இருக்கும். விளக்கு, ஹாரன், வைப்பர், வானொலி போன்றவற்றின் பியூஸ்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்பது வண்டிக்கு வண்டி மாறும். பெட்டியின் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், எந்தக் கட்டத்தில் எதற்குரிய பியூஸ், எத்தனை ஆம்பியர் என்னும் வரைபடம் அதன் உட்புறத்தில் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். காருடன் தந்த கையேட்டிலும் இது விளக்கமாக இருக்கும்.

அக்கையேட்டைப் பலர் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கின்றனர்! ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த அனைவரும், பெண்கள் உட்பட, பெட்டிகள் இரண்டையும் திறந்து பார்த்து வைத்துக் கொள்வது நலம். இருட்டில் முதன்முதலாகத் தேடுவதற்கு இது மேலானதன்றோ?

போனது எது என்று அறியும் முறை

பெட்டியைத் திறக்கும் முன்பே சற்றுச் சிந்தித்தால் வேலை பாதி முடிந்துவிடும். முகப்பு விளக்குகளில் ஒன்று மட்டும் எரியவில்லையெனில், முதலில் ஐயுற வேண்டியது பல்பையே. இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தால் பியூசையோ, ரிலே எனப்படும் மின்விசையையோ, சுவிட்சையோ ஐயுறலாம். இரு விளக்குகளும் சேர்ந்து அணையாதிருக்க வேண்டும் என்றே பல கார்களில் இடப்புறத்திற்கும் வலப்புறத்திற்கும் தனித்தனிப் பியூஸ்கள் வைக்கப்படுகின்றன. ஆதலால் ஒரு பக்க விளக்கின் பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லையாயின், அப்பக்கத்துப் பியூசையும் பார்த்தல் வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இரண்டு மூன்று கருவிகள் ஒருமிக்க நின்று போனால், அவையனைத்துக்கும் பொதுவான பியூஸ் ஒன்று போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, வண்டியைச் சாலையின் ஓரத்தில் நன்கு ஒதுக்கி நிறுத்தி, முடிந்தால் எச்சரிக்கை விளக்குகளை எரியவிட வேண்டும். மதுரை - திருநெல்வேலி நான்கு வழிச் சாலையில் இரவு முழுவதும் லாரிகள் விரைந்த வண்ணம் இருப்பதை நாம் அறிவோம். அத்தகைய சாலையில் பிள்ளைகளையும் முதியோரையும் வண்டியை விட்டு இறக்கிச் சாலைக்கு அப்பால் பாதுகாப்பாக நிற்கச் செய்த பின்னரே பியூசைத் தேட வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியைத் திருப்பி எடுத்துவிட வேண்டும். பார்க்கப் போகும் கருவியின் சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும்.

இனி வரைபடத்தைப் பார்த்து உரிய பியூசை எடுக்கலாம். பெட்டியின் மூடியிலேயே சிறு பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதனால் பற்றி நேராக மேலே இழுத்தால் பியூஸ் வெளிவந்துவிடும். திருகாணி முடுக்கியால் நெம்புவதும், இரும்புக் குறட்டால் இழுப்பதும் தகா. எடுத்த பியூசை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தால், நடுவில் வளைந்து செல்லும் சிறு உலோகப் பட்டை தெரியும். அது அறுந்திருந்தால் பியூஸ் போய்விட்டது.

அறுந்த விதமும் நமக்கு ஒரு செய்தி சொல்லும். பட்டை நடுவில் சிறு இடைவெளி விட்டுச் சுத்தமாக அறுந்திருந்தால், சுமை சற்றுக் கூடியதாலோ பழமையினாலோ போயிருக்கலாம். பட்டை பெரும்பகுதி மறைந்து, உட்புறம் கருகியோ, கண்ணாடிப் பியூஸில் ரசம் பூசினாற்போலப் பளபளப்பாகவோ இருந்தால், பெரும் மின்னோட்டம் திடீரெனப் பாய்ந்திருக்கிறது என்று பொருள். எங்கோ ஒரு கம்பி இரும்பைத் தொடுகிறது. புதிய பியூஸ் போட்டாலும் அது நிலைக்காது.

கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடு போன்ற வெடிப்பும் சில வேளை இருக்கும். அதற்குச் சோதனை விளக்கு உதவும். கடைகளில் எளிய விலையில் கிடைக்கும் இக்கருவியில், ஒரு முனையில் கவ்வியும் மறுமுனையில் கூரிய ஊசியும் நடுவில் சிறு பல்பும் உண்டு. கவ்வியை வண்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியில் மாட்டி, சாவியைத் திருப்பிக் கருவியின் சுவிட்சையும் போட்டுவிட்டு, பியூசின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளையும் ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். இரண்டிலும் விளக்கு எரிந்தால் பியூஸ் நலமாக உள்ளது. ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் அப்பியூசுக்கே மின்சாரம் வந்து சேரவில்லை. பழுது அதற்கு முன்னால் இருக்கிறது. பியூசைக் கழற்றாமலே பார்க்கலாம் என்பது இம்முறையின் நன்மை.

மாற்றும் முறையும் வண்ணங்களும்

பியூசை மாற்றும்போது கவனிக்க வேண்டியது அதன்மேல் பொறித்த எண். அந்த எண் ஆம்பியர் கணக்கு. எழுத்து மங்கியிருந்தாலும் தெரிந்து கொள்ளும்பொருட்டு ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வண்ணம் வகுத்துள்ளனர். தட்டைப் பியூஸ்களில் 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 ஆம்பியர் கரும்பழுப்பு; 10 ஆம்பியர் சிவப்பு; 15 ஆம்பியர் நீலம்; 20 ஆம்பியர் மஞ்சள்; 25 ஆம்பியர் நிறமற்றது அல்லது வெண்மை; 30 ஆம்பியர் பச்சை. பழைய பீங்கான் பியூஸ்களுக்கு வண்ணக் கணக்கு வேறு. அவற்றில் மஞ்சள் 5 ஆம்பியர், வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25 ஆகும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.

இந்த எண்ணை எவ்வாறு முடிவு செய்கின்றனர்? முகப்பு விளக்கு ஒன்று 55 வாட் என்றால், 12 வோல்டால் வகுக்க ஏறத்தாழ 4.6 ஆம்பியர் வரும். இரண்டும் ஒரே பியூஸில் இருந்தால் 9.2 ஆம்பியர். பியூஸ் தன் அளவில் முக்கால் பங்குச் சுமையையே ஓயாது சுமக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எனவே அவ்விடத்தில் 15 ஆம்பியர் வைக்கின்றனர். அந்தப் பதினைந்து ஆம்பியரை இடர் இன்றித் தாங்கும் பருமனில் கம்பியும் இழுக்கின்றனர். இங்கேதான் பலரும் தவறாக எண்ணும் செய்தி உள்ளது. பியூசின் எண் விளக்குக்கோ ஹாரனுக்கோ உரியது என்று நினைக்கிறோம். உண்மையில் அது கம்பிக்கு உரிய எண். எந்தப் பருமனுள்ள கம்பி அங்கே ஓடுகிறதோ அதனைக் காப்பதற்காகவே அந்த எண் குறிக்கப்பட்டுள்ளது.

எனவே போன பியூஸின் அதே எண்ணுடைய புதிய பியூசையே செருக வேண்டும். கையால் நேராக வைத்து, இறுக அமரும்வரை அழுத்தினால் போதும். பிறகு சாவியைத் திருப்பிக் கருவி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உதிரிப் பியூஸ் கைவசம் இல்லையெனில், வானொலி போன்ற இன்றியமையாதது அல்லாத கருவியின் பியூஸ் அதே எண்ணில் இருந்தால், அதனை எடுத்து விளக்குக்கு வைத்துப் பயணத்தைத் தொடரலாம். பாட்டு இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம். விளக்கு இல்லாமல் சேர முடியாது. அதே எண் கிடைக்காமல் அவசரம் நேர்ந்தால், குறைந்த எண்ணுடையதை வைக்கலாம். அது விரைவில் போகக்கூடும். ஆனால் தீங்கு செய்யாது. கூடிய எண்ணுடையதை ஒருபோதும் வைக்கலாகாது.

நாம் தொடாமல் விட வேண்டியவையும் உண்டு. மோதலின்போது விரியும் காற்றுப் பைகளுக்குரிய மஞ்சள் இணைப்புகளிலும், மின்சாரக் கார்களிலும் கலப்பின வண்டிகளிலும் உள்ள ஆரஞ்சு நிறத் தடித்த கம்பிகளிலும் கை வைப்பது பயிற்சி பெற்றோர்க்கே உரியது. பாட்டரிக்கு அருகில் திருகாணியால் முடுக்கப்பட்டுள்ள பெரிய பியூஸ்களையும் எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுவது நன்று.

கம்பி சுற்றும் பழக்கம்

நம் வீடுகளில் மின்சாரம் நின்றால், பியூஸ் கட்டையை இழுத்துக் கையில் கிடைத்த செம்புக் கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கிச் செருகும் பழக்கம் பன்னெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அதே கையோடு காரிலும் அவ்வாறே செய்வோர் பலர். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிக் கண்ணாடிப் பியூஸின் மேல் சுற்றுவோரும், தட்டைப் பியூஸின் இரு கால்களையும் செம்புக் கம்பியால் பிணைப்போரும் உளர். 'வழியில் காப்பாற்றினாரே!' என்று அவர்களைப் பாராட்டியும் விடுகிறோம். இது எத்தகைய கேடு என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம்.

தட்டைப் பியூஸ்களின் பட்டை பெரும்பாலும் துத்தநாகத்தால் ஆனது. துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகை வெப்பத்தில் உருகிவிடும். செம்பு உருக 1085 பாகை வேண்டும். நல்ல பியூஸ் ஒன்று தன் அளவில் ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேலாக, அதாவது 135 விழுக்காடு மின்னோட்டம் பாய்ந்தால், பத்து நிமிடங்களுக்குள் அறுந்தாக வேண்டும். இரு மடங்கு பாய்ந்தால் ஐந்து விநாடிகளுக்குள் அறுந்தாக வேண்டும் என்பது உலகத் தர விதி. நாம் சுற்றிய செம்புக் கம்பிக்கு இக்கணக்கு ஏதும் தெரியாது. 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் தாங்கும் பொருளை வைத்தால், டாஷ்போர்டுக்குப் பின்னாலும், தரைவிரிப்பின் அடியிலும், இருக்கைகளுக்குக் கீழும் ஓடுகின்ற மெல்லிய கம்பி ஒன்பது மடங்கு சூட்டைச் சுமக்க நேரும். அப்போது பியூஸின் வேலையைக் கம்பியே செய்யும். உருகப் போவது காருக்குள், நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2009-இல் விற்பனைக்கு வந்த டாட்டா நானோ கார்கள் சில தீப்பற்றிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது நினைவிருக்கலாம். அதனை ஆராய்ந்த நிறுவனம், வண்டியின் அமைப்பில் பொதுவான குறை இல்லை என்றும், சில வண்டிகளில் வெளியிலிருந்து கூடுதலாக மின்கருவிகள் பொருத்தப்பட்டிருந்ததும், சிலவற்றில் புகைக்குழாயின் மேல் வேற்றுப் பொருள் தங்கியிருந்ததும் காரணம் என்றும் தெரிவித்தது. எனினும் 2010-ஆம் ஆண்டு இறுதியில், மின்பாதைக்கும் புகைக்குழாய்க்கும் கூடுதல் பாதுகாப்பைக் கட்டணமின்றிப் பொருத்தித் தர முன்வந்தது. கடையில் வாங்கிய பெருவிளக்கையும் பேரொலி ஹாரனையும் பழைய கம்பியிலேயே கிளை பிடித்து இணைப்பது நம் ஊரில் எவ்வளவு சாதாரணமாக நடைபெறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். அவ்வாறு புதிய கருவி பொருத்தும்போது தனிக் கம்பி, தனி ரிலே, தனிப் பியூஸ் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும்.

மீண்டும் மீண்டும் போனால்

ஒரு முறை பியூஸ் போனால் மாற்றலாம். மாற்றிய பியூஸ் உடனே போனால் அடுத்ததைப் போடாமல் நிறுத்திக் கொள்ள வேண்டும். அது பியூஸின் பழுது அன்று. பியூஸ் நமக்கு அறிவிக்கும் பழுது.

காரணங்கள் பல. வைப்பர் குச்சி கண்ணாடியில் ஒட்டிக் கொண்டு நகர இயலாமல் நின்றால், மோட்டார் மிகுதியான மின்சாரத்தை இழுத்துப் பியூசை அறுத்துவிடும். நம் பகுதியின் கோடை வெயிலில் ரப்பர் இளகிக் கண்ணாடியில் ஒட்டுவது வழக்கம். எனவே மாதக்கணக்கில் மழை காணாத வைப்பரை, முதல் மழைக்கு முன் கையால் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். மழைக் காலத்தில் வெதுவெதுப்பை நாடி எலிகள் பானட்டுக்குள் புகுந்து கம்பி உறையைக் கடிப்பதுண்டு. சார்ஜர் செருகும் துளைக்குள் பிள்ளைகள் நாணயத்தையோ ஊக்கையோ போட்டுவிடுவதும் உண்டு. பின்புறச் சாமான் அறையின் கதவை நாள்தோறும் திறந்து மூடுவதால், கதவின் கீலருகே வளைந்து நிமிரும் கம்பிகளின் உறை வெடித்து இரும்பைத் தொடுவது இன்னொரு காரணம். பின் விளக்குகளின் பியூஸ் அடிக்கடி போகுமானால் இந்த இடத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

தேர்ந்த எலக்ட்ரீஷியன் இத்தகைய பழுதைத் தேடும் முறை எளிமையானது. அவர் பியூஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலவழிப்பதில்லை. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்துவிடுவார். கம்பி இரும்பைத் தொட்டுக் கொண்டிருக்கும்வரை பல்பு முழு ஒளியுடன் எரியும். பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் செல்ல விடாதாகையால் கம்பிக்கும் கேடில்லை. பிறகு கம்பிக் கற்றையை ஒவ்வோர் இடமாக அசைத்துக் கொண்டே வருவார். எந்த இடத்தை அசைக்கும்போது பல்பின் ஒளி மங்குகிறதோ அங்கேதான் பழுது. இம்முறை அறிந்தவரிடம் வண்டியை விடுவதே சிக்கனம். 'பெரிய பியூஸ் ஒன்று போட்டால் சரியாகிவிடும்' என்று கூறுபவரிடமிருந்து வண்டியைத் திரும்பப் பெற்றுக் கொள்வதே அறிவுடைமை.

பட்டாசு ஏற்றிய கார்

நம் பகுதிக்குச் சிறப்பாகப் பொருந்தும் செய்தி ஒன்று உண்டு. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் தொட்டு, நெருப்போடு பழகி வளர்ந்த ஊர் சிவகாசி. தீபாவளி நெருங்க நெருங்க, மதுரையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குடும்பங்கள் காரில் வந்து பட்டாசு வாங்கிச் செல்கின்றன. இரயிலில் பட்டாசு கொண்டு செல்வது 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி குற்றமாகும். ஆகவே காரின் பின்புறச் சாமான் அறை நிறையப் பெட்டிகளை அடுக்கிக் கொண்டு ஆமத்தூர் வழியாகவும் சாத்தூர் வழியாகவும் ஊர் திரும்புகின்றனர்.

பின் விளக்குக் கம்பிகள் செல்வதும், கீலருகே உறை வெடிப்பதும் அந்தச் சாமான் அறையில்தான் என்பதை மேலே கண்டோம். அந்தப் பின் விளக்கின் பியூஸ் கட்டத்தில் உரிய பியூஸ் இருந்தால், கம்பி இரும்பைத் தொட்ட அக்கணமே மின்னோட்டம் நிற்கும். பின் விளக்கு மட்டும் அணையும். அங்கே செம்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தால் என்ன நேரும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெட்ரோல் ஏற்றும் டாங்கர் லாரிகளுக்கு, கம்பிகள் தடித்த உறையுடன் இருக்க வேண்டும், பியூஸ்களால் காக்கப்பட வேண்டும், பாட்டரியின் இணைப்பை உடனே துண்டிக்கும் சுவிட்சு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள் கட்டளையிடுகின்றன. லாரிக்கு அரசு விதிக்கும் கவனத்தில் ஒரு பகுதியையேனும் நம் குடும்பம் செல்லும் காருக்கு நாமே விதித்துக் கொள்ளலாகாதா? பட்டாசு வாங்கப் புறப்படும் முன், பியூஸ் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு கட்டத்திலும் வரைபடத்தில் குறித்த எண் இருக்கிறதா, எங்கேனும் கம்பி சுற்றியுள்ளதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. கார் பிறர் கையிலிருந்து வாங்கிய பழைய வண்டியாயின் இது மிகவும் அவசியம். நமக்கு முன் வைத்திருந்தவர் செய்ததை நாம் அறியோம்.

ஓடும் காரில் பிளாஸ்டிக் கருகும் நாற்றமோ புகையோ தோன்றினால், உடனே ஒதுக்கி நிறுத்தி, சாவியை அணைத்து, அனைவரும் இறங்கிவிட வேண்டும். பானட்டு சூடாக இருந்தால் அதனை அகலத் திறத்தல் கூடாது. உட்புகும் காற்று தீயை வளர்க்கும். பட்டாசு ஏற்றிய வண்டியாயின் சாமானை எடுக்க முயலாமல் வெகு தூரம் விலகி நின்று, 101 அல்லது 112 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வருவோரையும் விலக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஆலையில் வேலை செய்யாமல், உதவச் சென்றவர்களும் பார்க்கச் சென்றவர்களும் பலர் என்பதை நம் பகுதி மக்கள் மறக்கவில்லை.

வண்டியில் வைத்திருக்க வேண்டியவை

ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்திற்கும், தொடர்ந்து தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் என நம் குடும்பங்களின் நெடும் பயணங்கள் பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியிலேயே அமைகின்றன. மழையும் இருளும் மிகுந்த காலம் அதுவே. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்கும்போதே, சிறு டப்பா ஒன்றில் 10, 15, 20 ஆம்பியர்ப் பியூஸ்கள் இவ்விரண்டு, ஒரு சோதனை விளக்கு, ஒரு கைவிளக்கு ஆகியவற்றையும் எடுத்து வைத்துக் கொள்ளலாம். பியூஸ் ஒன்றின் விலை சில ரூபாய்களே. தட்டைப் பியூஸ்களில் பெரியது, சிறியது, மிகச் சிறியது எனப் பல வடிவங்கள் இருப்பதால், நம் வண்டியின் பியூஸ் ஒன்றைக் கழற்றிக் கடையில் காட்டி வாங்குவது நலம்.

புதிய பியூஸ் போட்டவுடன் பழையதைத் தூக்கி எறியாமல், எந்தக் கட்டத்திற்குரியது, எந்த நாளில் போனது என்று ஒரு தாளில் குறித்து அதே டப்பாவில் வைத்து விடுங்கள். அடுத்த முறை எலக்ட்ரீஷியனைப் பார்க்கும்போது அதனை எடுத்துக் காட்டுங்கள். அறுந்த பட்டையைப் பார்த்த அளவிலேயே, பழுது எத்தகையது என்று அவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.